ஆர்.ஓ. கழிவுநீர் குடித்த எலுமிச்சை: ஒரு மாடித்தோட்ட நிகழ்வு ஆய்வு

2023 சித்திரை மாதம், மதுரையில் அத்தை வீட்டு மொட்டைமாடி. காலை எட்டு மணிக்கே தரை சுட ஆரம்பித்திருந்தது. மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு கறுப்புப் பெயிண்ட் வாளி. அதில் இடுப்பளவு உயரத்தில் ஓர் எலுமிச்சைச் செடி. அத்தை அதைக் காட்டிவிட்டுச் சொன்னார்.

"ஏப்பா, இதைக் கொஞ்சம் பாரு. தொழு உரம் போட்டேன், கடலைப் புண்ணாக்கு ஊற வச்சு ஊத்தினேன், மீன் அமிலமும் குடுத்துப் பாத்துட்டேன். இலை வெளுத்துக்கிட்டே போகுது. இன்னும் என்ன உரம்தான் போடணும்?"

மாடியில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இட்லிப்பூவோ வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இலை வெளுத்தால் செடிக்குப் பசி என்று நினைக்கிறோம். அத்தையின் செடிக்குப் பசி இல்லை. அதற்கு என்ன ஆயிற்று, எப்படிக் கண்டுபிடித்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை முழுதாகவே எழுதிவைக்கிறேன்.

செடியின் பின்னணி

நம் ஊரில் எலுமிச்சை என்று சொல்வது சிட்ரஸ் ஆரண்டிஃபோலியா, சின்னக் காய், மெல்லிய தோல், புளிப்பு அதிகம். அத்தை வாங்கியது பதியன் செடி. பதியன் என்பதால் ஆணிவேர் கிடையாது, பக்க வேர்கள்தான். தொட்டியில் வளர்க்க இது தோது, சீக்கிரம் காய்க்கவும் செய்யும். 2020 ஐப்பசியில் 20 லிட்டர் வாளியில் நட்டார். வாளியின் அடியில் ஒரே ஓட்டை. அதன்மேல் ஓட்டாஞ்சல்லி, அதற்கு மேல் இரண்டு அங்குலம் சரளைக்கல், பிறகு செம்மண்ணும் தொழு உரமும். முதல் வருடம் நன்றாக வளர்ந்தது. 2021 கடைசியில் பத்துப் பதினைந்து காய்களும் வந்தன. 2022 கோடையில் காய் நின்றது. அப்போதிலிருந்து இலை வெளிற ஆரம்பித்தது.

தண்ணீர் வைப்பதில் அத்தைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, ஏறக்குறைய இரண்டு லிட்டர். வாளியின் கீழே வழியாத அளவுக்குத்தான் ஊற்றுவார். வழிந்தால் மாடித் தளத்தில் பாசி பிடிக்கும், கீழ்ச்சுவர் ஓதம் காக்கும். நல்ல அக்கறைதான். ஆனால் செடி நோய்ப்பட்டதில் பாதிப் பங்கு இந்த ஒழுங்குக்கு உண்டு. அது பின்னால்தான் தெரிந்தது.

இலைகள் என்ன சொல்லின

வெளுத்த இலை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் புரியாது. எந்த இலை, இலையில் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். ஒரு கிளையை நுனியிலிருந்து அடிவரை நிதானமாகப் பார்த்தேன். மூன்று விதமான இலைகள் இருந்தன.

நுனித் துளிர்கள் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தன. நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக, வலை பின்னியது போலத் தெரிந்தன. இது இரும்புச்சத்துக் குறை. இரும்பு செடிக்குள் இலைவிட்டு இலை நகராது. அதனால் குறை வந்தால் முதலில் புது இலைதான் காட்டிக்கொடுக்கும்.

நடுவில் இருந்த இலைகளில் இதற்கு நேர்மாறு. நடு நரம்பும் பக்க நரம்புகளும் மஞ்சள், இடைப்பட்ட பரப்பு பச்சை. எலுமிச்சை இனத்தில் நரம்பு மஞ்சளாவது வேரோ அடித்தண்டின் பட்டையோ அடிபட்டதற்கான அறிகுறி. இந்த இலைகளைப் பார்த்த பிறகுதான் உர மூட்டையை மறந்துவிட்டு மண்ணைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அடி இலைகள் வேறு மாதிரி. நுனி தீய்ந்து பழுப்பாகி, அந்தப் பழுப்பு ஓரமாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் நுனி மொறுமொறுவென்று உடைந்தது. உப்பு சேர்ந்த இலை இப்படித்தான் கருகும்.

ஒரே செடியில் இரும்புக் குறை, வேர்ச் சேதம், உப்புக் கருகல் மூன்றும் தனித்தனியாக வந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. ஒரே மூலத்திலிருந்து மூன்றும் கிளைத்திருக்க வேண்டும்.

மாடியைச் சுற்றிப் பார்த்தேன். இட்லிப்பூச் செடியின் துளிரும் வெளுத்திருந்தது. கறிவேப்பிலையின் இலை சிறுத்து, காம்பு நெருங்கி வந்திருந்தது. ஒரு டிரம்மில் இருந்த சீதா மட்டும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அது தையில் இலை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்போது அத்தை அதற்கு வாரம் ஒரு சொம்புதான் ஊற்றுவாராம். கீழே தரையில் இருந்த செம்பருத்தியும் கறும்பச்சையாகச் செழித்து நின்றது.

தொட்டியில் இருக்கிற செடி, அதிலும் வருடம் முழுக்க இலையோடு நிற்கிற செடி. இந்த இரண்டும் சேர்ந்தவைதான் நோய்ப்பட்டிருந்தன. பசுமைமாறாச் செடி என்றால் இலையே உதிர்க்காத செடி என்று அர்த்தமில்லை. எலுமிச்சை இலை ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டு விழும், மொத்தமாக விழாது, அவ்வளவுதான். அதனால் சீதாவைப் போல அதற்கு ஓய்வு மாதம் கிடையாது. இலை இருக்கிறவரை தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வேர் இழுத்துக்கொண்டே இருக்கும். செடி இழுப்பது பெரும்பாலும் தண்ணீரை. தண்ணீரில் கரைந்து வந்ததில் தனக்கு வேண்டியதைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மற்றதை மண்ணிலேயே விட்டுவிடும். தரையில் அது மழையோடு கீழே இறங்கிவிடும். வாளியில் அதற்குப் போக்கிடம் இல்லை.

சரி, அப்படியானால் தண்ணீரில் என்ன இருக்கிறது?

தண்ணீரை அளந்த கதை

"அத்தை, செடிக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க? போரா, மாநகராட்சியா?"

"போர்த் தண்ணிதான் முந்தி ஊத்திட்டு இருந்தேன். இப்ப ரெண்டும் இல்ல. ஆர்.ஓ. மிஷின்ல இருந்து ஒரு குழாயில வேஸ்ட்டாப் போகுதுல்ல, அதை வாளியில பிடிச்சு வச்சுத்தான் ஊத்துறேன். அவ்வளவு தண்ணி சும்மா சாக்கடைக்குப் போறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

மிஷின் வந்தது 2022 பொங்கலுக்கு. செடி சரிய ஆரம்பித்தது அதே வருடக் கோடையில்.

இதைக் கேட்டதும் அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்து வளர்ந்தவர் ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டார். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் செய்வது என்ன? தண்ணீரில் கரைந்த உப்புகளைச் சவ்வால் தடுத்து, குடிக்கிற தண்ணீரை ஒரு பக்கம் விடுகிறது. தடுக்கப்பட்ட உப்பு எல்லாம் மறு குழாயில் வெளியேறும் தண்ணீரோடுதான் போகிறது. செடிக்குப் போனது அந்தக் குழாய்த் தண்ணீர்.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற, இருநூறு முந்நூறு ரூபாய்க்கு விற்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அளந்தோம். போர்த் தண்ணீர் 790 பி.பி.எம். ஆர்.ஓ. குடிநீர் 60. கழிவுநீர் 1,280.

ஒரு பி.பி.எம். என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். தினம் இரண்டு லிட்டர் என்றால் ஏறக்குறைய 2.5 கிராம் உப்பு. 2022 பொங்கலிலிருந்து அந்தச் சித்திரை வரை 465 நாள் என்று வைத்துக்கொண்டால் 1,190 கிராம். சமையல் உப்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம், சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம் எல்லாம் கலந்த கணக்கு இது. ஆனாலும் ஒரு கிலோவுக்கு மேல், 20 லிட்டர் வாளிக்குள். அதோடு, எலுமிச்சை இனம் உப்பைத் தாங்குவதில் மிகவும் பின்தங்கியது.

மழையில் ஓரளவு கழுவிப் போயிருக்கலாமே என்று தோன்றும். அதையும் பார்த்தோம். வாளியைச் சாய்த்து அடி ஓட்டையில் திருப்புளியைவிட்டால் உள்ளே போகவில்லை. சேறும் வேரும் சேர்ந்து அடைத்திருந்தன. ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் மேலே தேங்கி, வழிந்து ஓடியிருக்கிறது. மண்ணுக்குள் புகுந்து கீழே இறங்கவில்லை.

வாளியின் உள் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு துண்டைப் பெயர்த்து, கடையில் வாங்கிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சட்டென்று நுரைத்தது. சுண்ணாம்பு. அத்தை அதைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இதையா நான் தினமும் குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று அறிகுறிகளும் இப்போது ஒரே கோட்டில் வந்தன. சோடியமும் குளோரைடும் அடி இலையின் நுனியைத் தீய்த்திருக்கின்றன. சுண்ணாம்பு ஏறி மண்ணின் கார அமில நிலை 7.5ஐத் தாண்டிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால் துளிர் வெளுத்திருக்கிறது. ஓட்டை அடைபட்டதால் அடியில் காற்றில்லாமல் வேர் அழுகியிருக்கும் என்று ஊகித்தேன். நடு இலைகளின் மஞ்சள் நரம்பு அதைத்தான் சொன்னது. இதற்கு மேல் ஊற்றிய புண்ணாக்குத் தண்ணீரும் மீன் அமிலமும் உப்போடு உப்பாகச் சேர்ந்திருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று சூடு. பிற்பகல் மூன்று மணிக்கு, சமையலுக்கு வைத்திருந்த குத்துமுள் வெப்பமானியை வாளியின் மேற்கு ஓரத்தில் செருகினேன். 45 டிகிரி. நடுவில் 36. 40ஐத் தாண்டினாலே வேர் நுனி கெடத் தொடங்கும், வாளியில் புது வேர்கள் இருப்பதோ பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். இரண்டாவது, வருடா வருடம் மேலே உரம் போட்டுப் போட்டு அடித்தண்டு நாலு விரல் உயரத்துக்கு மண்ணுக்குள் புதைந்திருந்தது. கையால் மண்ணை விலக்கிப் பார்த்தேன், பட்டை கறுத்து ஈரமாக இருந்தது. நல்லவேளை, தண்டைச் சுற்றிக் கால்வாசிதான் கறுப்பு. அந்த இடத்தைச் சுரண்டிக் காயவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை தடவினோம்.

முதல் கட்டம்: கழுவுதல்

செடியை உடனே பிடுங்கி வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்றுதான் கை பரபரத்தது. சித்திரை வெயிலில் அதைச் செய்யக் கூடாது. பசுமைமாறாச் செடி தன் சேமிப்பில் பெரும்பங்கை இலையில் வைத்திருக்கிறது. எலுமிச்சையின் தழைச்சத்துக் கையிருப்பு அதிகம் இருப்பதும் இலையில்தான். வெயில் காலத்தில் வேரை வெட்டினால் இலை ஆவியாக்குகிற தண்ணீரை வேர் ஈடுகட்ட முடியாமல் இலைகள் கொட்டிவிடும், சேமிப்பும் போய்விடும். இலையுதிர்க்கும் செடியை மொட்டையாக இருக்கும்போது மாற்றலாம், அதற்கு வலிக்காது. எலுமிச்சைக்கு அப்படி ஒரு காலமே கிடையாது. இருப்பதில் குளிர்ந்த, மேகமூட்டமான நாட்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே மாற்றுவதை ஆனி கடைசிக்குத் தள்ளிவைத்தோம்.

கம்பியைக் காய்ச்சி வாளியின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், ஆறு ஓட்டைகள் போட்டேன். முதல் ஓட்டை விழுந்ததும் கறுப்புத் தண்ணீர் சாக்கடை நாற்றத்தோடு ஒழுகியது. வாளியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழே தட்டு வைத்து, மேலே போர்த் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். 790 பி.பி.எம். ஒன்றும் நல்ல தண்ணீர் இல்லைதான், ஆனாலும் உள்ளே இருப்பதைவிட எவ்வளவோ மேல். முதலில் வடிந்த தண்ணீரை அளந்தால் 4,100. பதினைந்து லிட்டர் ஊற்றிய பிறகு 2,600. முப்பது லிட்டருக்கு 1,500. நாற்பத்தைந்து லிட்டர் முடிந்தபோது 950. மூன்று நாள் காலை நேரத்தில் பிரித்துச் செய்தோம். கடைசியாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் பத்து லிட்டர் ஊற்றியதில் 620க்கு இறங்கியது.

இந்த ஏ.சி. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அத்தை வீட்டு ஏ.சி.யில் ஓர் இரவுக்கு ஏழு லிட்டர் பிடித்தோம். மழை இல்லாத கோடையில்தான் ஏ.சி. அதிகம் ஓடும், அப்போதுதான் அதிகம் சொட்டும். மாடித் தொட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்ணீர் நகரத்தில் எளிதில் கிடைக்காது. சன்னலுக்கு வெளியே தெருவில் சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

வாளியைக் கிழக்குப் பக்கம் மாற்றினோம். பதினொரு மணிவரை வெயில், பிறகு மாடிப்படிக் கூரையின் நிழல். வாளியைச் சுற்றிச் சாக்கு. உரம் எதுவும் வேண்டாம், இரண்டு மாதத்துக்கு மூடிவைத்துவிடுங்கள் என்றேன். அத்தைக்கு அதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு தவறு செய்தேன். இரண்டு வாரம் கழித்தும் துளிர் வெள்ளையாகவே இருந்ததால் பொறுமையிழந்து, லிட்டருக்கு ஐந்து கிராம் இரும்பு சல்பேட் கரைத்துத் தெளித்தேன். ஒரு வாரத்தில் இலைகளில் பச்சைப் புள்ளிகள் வந்தன. சொட்டு விழுந்த இடம் மட்டும் பச்சை, மற்ற இடம் வெள்ளை, அம்மை போட்டது போல. இரும்புதான் குறை என்பது உறுதியானது, அது இலைக்குள்கூடப் பரவாது என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் அடுத்து வந்த துளிர் மறுபடி வெள்ளை. வேரைச் சரிசெய்யாமல் இலையில் தெளிப்பது ஒரு வாரத்து ஆறுதல்தான். தெளித்த நாளில் வெயிலும் அதிகம், நாலைந்து துளிர்கள் கருகிவிட்டன. அந்தச் செடிக்கு அப்போது ஒவ்வோர் இலையும் வேண்டியிருந்தது.

இரண்டாம் கட்டம்: வேரைத் திறந்தது

ஜூலை இரண்டாம் வாரம், மேகமூட்டமான ஒரு மாலை. வாளியைப் படுக்கவைத்துச் சுற்றிலும் தட்டி, செடியை இழுத்தோம். வரவில்லை. கடைசியில் வாளியை ரம்பத்தால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வெளிப்புறம் முழுக்க வேர்கள் வாளியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி, பிரிமனை போல இறுகியிருந்தன. நடுமண் செங்கல் மாதிரி. அடியில் நாலு விரல் உயரத்துக்கு மண் கறுப்பு. அந்தப் பகுதியில் ஒரு வேரை இரண்டு விரலில் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அழுகிய வேரின் அடையாளம் அது. மேல்பாதியில் ஆங்காங்கே மஞ்சள் கலந்த வெள்ளையில் புது நுனிகள் இருந்தன, கழுவிய பிறகு வந்தவை. அதைக் கண்டபோதுதான் செடி பிழைக்கும் என்று நம்பிக்கை வந்தது.

அழுகிய அடிப்பகுதியை மொத்தமாக வெட்டி எடுத்தோம். சுற்றிய வேர்களை நாலு பக்கமும் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறிவிட்டோம், அப்படியே நட்டால் புதுத் தொட்டியிலும் அதே வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல வேரில் கால்வாசிக்கு மேல் கை வைக்கவில்லை. மேலே காய்ந்த குச்சிகளையும், உள்நோக்கி வளர்ந்த இரண்டு கிளைகளையும் மட்டும் எடுத்தோம். மிச்சம் இருந்த இலைகள் 63.

சரளைக்கல் பற்றி அத்தைக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சொல்லிவருவது. உண்மையில் நடப்பது வேறு. பொடி மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர், கீழே பெரிய இடைவெளிகளோடு கல் இருந்தால் அதற்குள் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். கல் போட்ட உயரத்துக்கு அந்தச் சகதி மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அத்தையின் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துக் காட்டினேன். படுக்கையாகப் பிடித்தால் சொட்டுவது நின்றுவிட்டது, அதையே நெட்டாகத் திருப்பியதும் மறுபடி கொட்டியது. தொட்டிக்குள் மண் எவ்வளவு உயரமோ அவ்வளவு நன்றாக வடியும். ஆக, சரளை வேண்டாம். ஓட்டையை மூட ஒரு வலைத்துண்டு போதும், முழு உயரத்துக்கும் ஒரே கலவை. அத்தை பஞ்சை வாங்கித் தானும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, போட வேண்டாம்" என்றார்.

தொட்டியின் அளவிலும் கவனம் வேண்டியிருந்தது. நீல டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி வைக்கலாம் என்றார் அத்தை. அது நூறு லிட்டர். வேர் குறைந்த செடியை அவ்வளவு மண்ணில் வைத்தால் வேர் தொடாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகும். சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு இறங்கும், இந்தச் செடிக்கு அது இன்னும் கேடு. கடைசியில் வெள்ளை நிற வளர்ப்புப் பை, 15க்கு 15 அங்குலம், சுமார் 43 லிட்டர். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கடலை அளவு செங்கல் உடைசல் ஒரு பங்கு. நார்க்கழிவைக் கழுவுவது முக்கியம், அதுவும் உப்போடுதான் வரும். வேரழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை ஒரு கைப்பிடி தொழு உரத்தில் கலந்தோம். ஈரத்தோடு எடை அறுபது கிலோவை நெருங்கும் என்பதால் பையை உத்தரத்துக்கு மேலாகவே வைத்தோம். அடித்தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, ஆடிக் காற்றுக்கு ஒரு கம்பும் கட்டியாயிற்று.

இரும்புக்கு இந்த முறை இ.டி.டி.எச்.ஏ. வகைச் செலேட்டை, அதாவது இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் சேர்மத்தை, வாங்கி வேருக்கே கொடுத்தோம். உரக்கடையில் இரும்புச் செலேட் என்று கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. வகையைத் தருவார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது தாக்குப்பிடிக்காது, இரும்பை விட்டுவிடும். இ.டி.டி.எச்.ஏ. விலை கூடுதல், ஆனால் கார மண்ணிலும் இரும்பை இறுக்கிப் பிடித்துவைத்து வேரிடம் சேர்க்கும். தண்ணீரில் கரைத்தால் அடர்ந்த செந்நிறம், கையில் பட்டால் சீக்கிரம் போகாது.

அதன் பிறகு

முதல் இரண்டு வாரம் வயிற்றில் புளியைக் கரைத்தது. இலைகள் 63லிருந்து 38 ஆயின. அத்தை தினமும் காலையில் எண்ணிச் சொல்வார். இருபத்தாறாம் நாள் போன் வந்தது. "ஏப்பா, கணுவுல பச்சையா ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது." வந்த துளிர் வெள்ளையாக இல்லை, இளம்பச்சை. புரட்டாசி முடிவதற்குள் இருநூறு இலைகளைத் தாண்டிவிட்டது.

இளந்துளிர் வந்தால் பூச்சியும் வரும். பறவை எச்சம் போலத் தோற்றமளிக்கிற புழுக்கள் பத்துப் பன்னிரண்டு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியுடையவை. அத்தை அவற்றைக் கொல்ல ஒப்பவில்லை. அந்தப் புழு வில்வ இலையையும் தின்னும் என்று சொன்னதும், ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டுபோய் தெருக்கோடிக் கோயில் வில்வ மரத்தில் விட்டுவிட்டு வந்தார். இலை துளைப்பானின் வெள்ளிக்கோடுகளும் வந்தன. அதை அப்படியே விட்டுவிட்டோம், வளர்ந்த செடியை அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

தண்ணீர்ப் பழக்கம் மாறியது. தினம் இரண்டு சொம்பு என்ற கணக்கு போய்விட்டது. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது. ஊற்றும்போது ஐந்தில் ஒரு பங்காவது கீழே வழிய வேண்டும். வழிவதைத் தட்டில் பிடித்து மாடிச் சாக்கடைக்கு விடுவதால் தளமும் கெடவில்லை. மழைக்காலத்தில் மழைநீர், மற்ற நாளில் ஏ.சி. தண்ணீரும் போர்த் தண்ணீரும் பாதிக்குப் பாதி. மாதம் ஒருநாள் வடிநீரை அத்தையே மீட்டரில் அளந்து காலண்டரில் எழுதுகிறார். 1,200ஐத் தாண்டினால் ஒரு கழுவல். ஆர்.ஓ. கழிவுநீர் வீட்டை விட்டுப் போகவில்லை, தரை துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது.

உரம் இப்போது மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம், துளிர்விடும் சமயத்தில் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம், அதே சமயத்தில் ஒரு தடவை துத்தநாக சல்பேட் தெளிப்பு. முன்பு போட்டதில் கால்வாசிகூட இல்லை.

2024 மாசியில் பூத்தது. பெரும்பாலான பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டு ஒன்பது காய்களை மட்டும் விட்டோம், ஆனியில் பறித்தோம். 2025இல் 52 காய்கள்.

கறிவேப்பிலை தண்ணீரை மாற்றியதுமே, வேறு எதுவும் செய்யாமல், மூன்றே மாதத்தில் தெளிந்துவிட்டது. இரண்டு இட்லிப்பூக்களில் மண்தொட்டியில் இருந்தது பச்சையாகிவிட்டது. சிமெண்ட் தொட்டியில் இருப்பது இன்னும் பாதி வெளுப்பாகவே இருக்கிறது. இ.டி.டி.எச்.ஏ. கொடுத்தால் இரண்டு மாதம் பச்சை, பிறகு பழையபடி. அதை இந்த ஆடியில் மாற்றியே ஆக வேண்டும்.

போன ஐப்பசியில் மாடிக்குப் போயிருந்தபோது, எலுமிச்சைப் பையின் கீழே விழுந்து கிடந்த மூன்று மஞ்சள் இலைகளை அத்தை பொறுக்கி வைத்திருந்தார். முகத்தில் பழைய கவலை. வாங்கிப் பார்த்தேன். இலை முழுக்க ஒரே சீரான மஞ்சள். நரம்பு தனியாக வெளுக்கவில்லை, நுனி கருகவில்லை. அடிக்கிளையில் அவை இருந்த இடத்தையும் அத்தை காட்டினார், 2023 புரட்டாசித் துளிரில் வந்த கிளை அது.

"ரெண்டு வருஷம் ஆச்சுல்ல அத்தை. இது வயசாகி விழுறது."

"அப்ப ஒண்ணும் செய்ய வேணாமா?"

"வேணாம்."

அன்றைக்கு வடிநீர் 870.